வணக்கத்துக்குப் பிறகுதான் விலை: லுகாண்டா பற்றி வாசகர் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக்குடும்பத்தில் நானூறுக்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. தமிழில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் சுவாஹிலியோடு நின்றுவிடுகின்றன. இந்த முறை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைச் சுற்றிப் பேசப்படும் லுகாண்டா பற்றிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மகனுக்குக் கம்பாலாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்கிறார்கள், சுவாஹிலி படி என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி? — வாசகி, ஈரோடு

அலுவலகத்துக்குள் ஆங்கிலம் போதும். சட்டப்படி ஆட்சிமொழியும் அதுதான். 2005-ல் சுவாஹிலியை இரண்டாவது ஆட்சிமொழியாக அறிவித்தார்கள். ஆனால் காய்கறிக்கடை, வாடகை வீட்டுக்காரர், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, இவர்களெல்லாம் கம்பாலாவில் பேசுவது லுகாண்டா. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்த மொழிக்குரிய பகாண்டா இனத்தவர் 55 லட்சத்துக்கு மேல், அதாவது நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கு. தலைநகரில் பிழைக்க வந்த மற்ற இனத்தவரும் இதைப் பேசுவதால் மொழியின் வீச்சு அந்த எண்ணிக்கையைவிடப் பெரிது. சுவாஹிலியை நைரோபிக்கோ தாரெஸ் ஸலாமுக்கோ போகிறவர் படிக்கட்டும். உங்கள் மகன் லுகாண்டா படிக்கட்டும்.

முதல் பாடம் பெயரிலேயே இருக்கிறது. வேர்ச்சொல் ‘காண்டா’. முகாண்டா என்றால் ஓர் ஆள், பகாண்டா என்றால் மக்கள், லுகாண்டா என்றால் மொழி, புகாண்டா என்றால் நாடு, கிகாண்டா என்றால் அவர்களுடைய பாணி, பழக்கவழக்கம். நமக்குத் தமிழ், தமிழர், தமிழகம் என்று வாலில் ஒட்டுவது அவர்களுக்குத் தலையில் ஒட்டுகிறது. கடற்கரைச் சுவாஹிலிக்காரர்கள் நாட்டுப் பெயருக்கு ‘பு’ போடாமல் ‘உ’ போடுவார்கள். ஆங்கிலேயர் அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டதால் நாட்டின் பெயர் உகாண்டா ஆயிற்று. புகாண்டா என்பது அந்த நாட்டுக்குள் இருக்கும் ஒரு முடியாட்சி. அரசருக்குக் கபகா என்று பட்டம். 1967-ல் ஒழிக்கப்பட்ட அந்த முடியாட்சி 1993-ல் மீண்டும் நிறுவப்பட்டது.

லுகாண்டாவைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க முடியுமா? உச்சரிப்பில் எங்கே தடுமாறுவோம்? — வாசகர், திருச்சி

முடியும். நான்கைந்து ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும். இந்தப் பகுதியில் ஒற்றை க, ட எழுத்துகள் சொல்லின் நடுவே வந்தாலும் வல்லோசையாகவே படியுங்கள். ‘ஒகு’ என்றால் ‘குடம்’ என்பதில் உள்ள கு. மெல்லோசையாக வரும் இடத்தை அங்கங்கே சொல்கிறோம். உயிர்களுக்கு நடுவே வரும் ப நம் ‘அபயம்’ போல மென்மையானது. ஃஜ என்று எழுதியிருப்பது வண்டின் ரீங்கார ஒலி. ‘கி’ என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய ‘சி’ என்றும், மெல்லோசைக் கி ஏறக்குறைய ‘ஜி’ என்றும் கேட்கும். எழுத்தில் எகிடபொ (புத்தகம்) என்பது காதுக்கு எச்சிடபொ. எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் இது.

தமிழ்க் காதுக்கு இந்த மொழியில் பெரிய சௌகரியம் இருக்கிறது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடத்தை ‘படு, பாடு, பாட்டு’ என்று பழகிய நாக்கு ஒரு வாரத்தில் கடந்துவிடும். ஒகுஸுல என்றால் இரவு தங்குவது, ஒகுஸூல என்றால் தூக்கி எறிவது. ஒகுஸிப என்றால் கட்டுவது, சிறையில் அடைப்பதும் அதே சொல்தான். ஒகுஸீப என்றால் பகலைக் கழிப்பது, நோன்பிருப்பது. ஒகுப என்றால் இருப்பது, ஒகுப்ப என்றால் திருடுவது. இந்த ப்ப, ‘ரப்பர்’ என்று நாம் பேச்சில் சொல்லும் மெல்லோசை ப்ப. இருப்பதற்கும் திருடுவதற்கும் நடுவே ஒரு மெய்யின் அழுத்தம்தான் வேறுபாடு. ஆகவே இரட்டை மெய்யை விழுங்காதீர்கள்.

நமக்குப் புதிது என்னவென்றால் இந்த இரட்டை மெய் சொல்லின் முதலிலேயே வரும். ஸ்ஸெபொ (ஐயா), ஞ்ஞபொ (அம்மா), க்குமி (பத்து). மூச்சை ஒரு கணம் அடக்கி, பிறகு விடவேண்டும். முன்னால் ஒரு ‘இ’ சேர்த்து ‘இஸ்ஸெபொ’ என்று சொல்வது தமிழர்களுக்கு இயல்பாக வரும் பிழை. ங என்ற எழுத்துக்கும் அங்கே நல்ல வேலை இருக்கிறது. முரசுக்கு எங்ஙொம என்று பெயர். ‘நான் போகிறேன்’ என்பது ங்ஙெண்ட. நம் அரிச்சுவடியில் ‘ஙப்போல் வளை’ என்பதோடு ஓய்ந்துபோன எழுத்தால் அங்கே தினமும் சொற்கள் தொடங்குகின்றன.

ல, ர பற்றி ஒரு விதி. எ, இ ஒலிகளுக்குப் பின்னால் ர, மற்ற இடங்களில் ல. விதிவிலக்குகள் குறைவு. அதனால்தான் ஒருமையில் ஒமுலிமு (வேலை), பன்மையில் எமிரிமு. இரண்டும் ஒரே சொல். ஏற்ற இறக்க ஓசையும் இந்த மொழியில் உண்டு. அதை எழுத்தில் காட்டுவதில்லை, கேட்டுத்தான் பழகவேண்டும்.

ஒரே ஒரு வணக்கச் சொல் சொல்லிக்கொடுங்கள். — வாசகர், மதுரை

ஒன்று போதாது. காலையில் வஸுஃஜெ ஒட்ய ன்னொ? பிற்பகலில் ஒஸீப்யெ ஒட்ய ன்னொ? முதலாவதன் பொருள் ‘இரவு எப்படித் தங்கினீர்கள்’, இரண்டாவதன் பொருள் ‘பகல் எப்படிப் போயிற்று’. மேலே பார்த்த ஒகுஸுல, ஒகுஸீப என்ற வினைகளே இங்கே வந்திருக்கின்றன. பதில் புலுங்கி, அதாவது நன்றாக (கி மெல்லோசை). வாக்கியத்தின் கடைசியில் ஆணுக்கு ஸ்ஸெபொ, பெண்ணுக்கு ஞ்ஞபொ சேர்க்கவேண்டும். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் வாக்கியம் மொட்டையாகக் கேட்கும். நாம் ‘என்னங்க’ என்பதிலிருந்து ‘ங்க’வை வெட்டிவிட்டது போல.

பல பேருக்குச் சேர்த்துச் சொல்லும்போது வினையும் மாறும்: ம்வஸுஃஜெ முட்ய ன்னொ? சமவயதுக்காரர்களிடம் எந்த நேரத்திலும் ஒலி ஒட்ய? என்று கேட்கலாம். அதற்கு ஜெண்டி என்று பதில் வரும். ‘இருக்கேன்’ என்பது அதன் பொருள். நம் ஊர்ப் பதிலும் அதுதானே.

முறை இதுதான். நீங்கள் கேட்கிறீர்கள், அவர் பதில் சொல்லித் திருப்பிக் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அதன் பிறகுதான் விஷயம். கடைக்காரரிடம் நேராகப் போய் ‘தக்காளி என்ன விலை’ என்று கேட்பது அங்கே முகத்தில் அடித்த மாதிரி. விலை கூடிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் புரிந்துகொள்ள நாளாகிறது.

வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போனால் அறிமுகமே இல்லாவிட்டாலும் ஜெபலெகொ, ஸ்ஸெபொ என்று சொல்லிப் போகவேண்டும். வேபலெ எமிரிமு என்றும் சொல்லலாம். வேபலெ என்றால் நன்றி, எமிரிமு என்றால் வேலைகள். உங்களுக்காகச் செய்யாத வேலைக்கும் நன்றி உண்டு என்பது இந்த மொழியில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம். சாப்பிட்டு எழுந்தவர் வேபலெ ஒகுஃபும்ப (சமைத்ததற்கு நன்றி) என்பார். சமைத்தவர் வேபலெ ஒகுல்ய (சாப்பிட்டதற்கு நன்றி) என்று திருப்பிச் சொல்வார். பயணம் போய் வந்தவரைக் குலிகயொ என்று வரவேற்பார்கள். சாவுச் செய்தி கேட்டால் கிடலொ. விடைபெறும்போது வேரப, பலரிடம் ம்வேரப.

மரபு வழுவாத குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் மண்டியிட்டு வணங்குவார்கள். வெளிநாட்டவரிடம் அதை எதிர்பார்ப்பதில்லை. பெரியவர் உட்கார்ந்திருந்தால் நின்றபடி மேலிருந்து பேசாமல் சற்றுக் குனிந்தோ உட்கார்ந்தோ பேசினால் போதும்.

சந்தையில் விலை சொன்னால் எட்டா, எண்பதா, எண்ணூறா என்றே புரிவதில்லை என்று உறவினர் சொல்கிறார். எண்களை எப்படிப் பழகுவது? — வாசகி, பாளையங்கோட்டை

உறவினருக்கு வந்த குழப்பம் நியாயமானது. அவர் சொல்லின் கடைசியைக் கேட்கிறார். அளவு இருப்பதோ முன்னால்.

ஒன்று முதல் பத்து வரை: எமு, ப்பிரி, ஸ்ஸடு, ஞ்ஞ, ட்டானொ, முகாக, முஸன்வு, முநான, ம்வெண்ட, க்குமி. முகாக என்பதில் கடைசிக் க மட்டும் மெல்லோசை.

இப்போது எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் ‘நான’. முநான 8, கிநான 80, லுநான 800, கநான 8,000. ஒன்பதின் வேர் ‘எண்ட’. ம்வெண்ட 9, கியெண்ட 90, ல்வெண்ட 900, கெண்ட 9,000. தமிழில் எட்டு, எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்று வேர் முன்னால் நிற்க அளவு பின்னால் மாறுகிறது. அங்கே அப்படியே தலைகீழ். ஆறும் ஏழும் இதே வழிதான், அறுபதும் எழுபதும் மட்டும் ங்காக, ன்ஸன்வு என்று மூக்கொலியோடு தொடங்கும். 600 லுகாக, 700 லுஸன்வு, 6,000 ககாக, 7,000 கஸன்வு.

ஐந்து வரை வேறு கணக்கு. 20 முதல் 50 வரை அபிரி, அஸடு, அன, அடானொ. 100 கிகுமி, 200 பிபிரி, 500 பிடானொ. 1,000 லுகுமி, அதன் பன்மை எங்குமி. ஆகவே 3,000 எங்குமி ஸ்ஸடு. இடையில் ‘மு’ என்று வந்தால் ‘அதோடு’ என்று பொருள். லுகுமி மு பிடானொ என்றால் 1,500.

பத்தாயிரத்துக்குத் தனிச் சொல் உண்டு: ஒமுட்வலொ. 20,000 என்றால் எமிட்வலொ எபிரி. ஒரு லட்சத்தை எமிட்வலொ க்குமி (பத்துப் பத்தாயிரம்) என்பார்கள். உகாண்டா ஷில்லிங் தாள்கள் 1,000 முதல் 50,000 வரை இருப்பதால் லுகுமி, ஒமுட்வலொ இரண்டும் தெரியாமல் ஒரு நாளும் ஓடாது. பத்து லட்சத்துக்கு அககட்டெ (ட்ட மெல்லோசை, ‘லட்டு’வில் வருவது போல).

இன்னொரு சிக்கல். ஒன்று முதல் ஐந்து வரை, எண்ணப்படும் பொருளுக்கு ஏற்ப எண்ணின் முன்னொட்டு மாறும். ஆட்கள் இரண்டு பேர் என்றால் அபண்டு பபிரி, பொருள்கள் இரண்டு என்றால் எபிண்டு பிபிரி, வீடு இரண்டு என்றால் எஞ்ஞும்ப ப்பிரி. ஆறிலிருந்து மாறாது: அபண்டு முகாக, எபிண்டு முகாக. பிபிரி என்பது 200 ஆகவும் இருக்கலாம், ‘இரண்டு’ ஆகவும் இருக்கலாம். பேச்சு பணத்தைப் பற்றியா, பொருளைப் பற்றியா என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

விலை கேட்க ஸ்ஸெண்டெ ம்மெக? ஸ்ஸெண்டெ என்றால் பணம், ஆங்கில ‘சென்ட்’ வழியாக வந்தது. குறைக்கச் சொல்ல ஸலகொ. ஒகுஸல என்றால் வெட்டு, ‘கொ’ என்றால் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் போடச் சொல்ல யொங்கெரகொ. கொசுறுக்கு எஞ்ஞொங்கெஃஜ என்று பெயர், கேட்டு வாங்கலாம், தப்பில்லை. வேண்டாம் என்பதற்கு நெட்ட (இதுவும் லட்டு ட்ட), ஆனால் பின்னால் ஸ்ஸெபொ, ஞ்ஞபொ சேர்த்து.

எட்டு மணிக்கு வரச் சொன்னால் பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார்களாமே? — வாசகர், கரூர்

அவர்கள் தாமதிக்கவில்லை, மொழிபெயர்ப்பு தவறியிருக்கிறது. லுகாண்டாவில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். ஸ்ஸாவ எமு என்றால் காலை ஏழு. ஸ்ஸாவ ப்பிரி எட்டு, ஸ்ஸாவ முகாக நண்பகல், ஸ்ஸாவ க்குமி மாலை நான்கு. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து ‘ஸ்ஸாவ முநான’ என்றால் அவர்களுக்கு அது பிற்பகல் இரண்டு.

கணக்குப் போட வேண்டியதில்லை. முள் கடிகாரத்தில் சிறிய முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். நிமிடத்தில் மாற்றம் இல்லை. அரை மணிக்கு ‘நெகிடுண்டு’ சேர்த்தால் போதும்: ஸ்ஸாவ ப்பிரி நெகிடுண்டு எட்டரை மணி. கம்பாலா பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆண்டு முழுவதும் உதயம் ஏறக்குறைய ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில்தான். ஆகையால் இந்த எண்ணிக்கை அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. உதயாதி நாழிகை என்று பஞ்சாங்கத்தில் படித்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

ஆங்கிலத்தில் பேசும்போது அவர்களே ஆங்கில மணிக்கு மாறிவிடுவார்கள். பாதி ஆங்கிலம் பாதி லுகாண்டா என்று கலந்து பேசும்போதுதான் விபரீதம். நேரத்தை எந்த மொழியில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

சமையலறைச் சொற்கள் சில வேண்டும். மட்டோக்கெ என்பது வாழைக்காய்ப் பொரியலா? — வாசகி, தஞ்சாவூர்

இல்லை. வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்துப் பிசையும் உணவு. அமடோகெ என்பது முழுப் பெயர்.

அந்தச் சமையலறையின் அடிப்படைச் சொற்கள் இரண்டு: எம்மெரெ, என்வ. எம்மெரெ என்பது வயிறு நிரப்பும் முதன்மை உணவு. அமடோகெயோ சர்க்கரைவள்ளியோ (லுமொண்டெ) மரவள்ளியோ (முவொகொ, இதில் கடைசிக் கொ மெல்லோசை) எதுவாகவும் இருக்கலாம். என்வ என்பது அதோடு சேரும் குழம்பு, கூட்டு. சோறு, குழம்பு என்ற நம் பிரிவினை அப்படியே. குழம்பு மட்டும் வைத்தால் சாப்பாடு போட்டதாகக் கணக்கில்லை. பகாண்டா வீட்டு முழு மரியாதை எம்மெரெயில்தான்.

செய்முறை இது. காய் முற்றியிருக்கவேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. தொடங்கிவிட்டால் இனிப்பு ஏறிக் குழைந்துபோகும். பச்சைத் தோலைக் கத்தியால் சீவவேண்டும், அதற்கு ஒகுவாட என்று பெயர். கையால் உரிப்பதற்கு வேறு வினை, ஒகுஸுஸ. பழத்துக்கும் மொச்சைக்கும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டையும் மாற்றிச் சொன்னால் சமையலறையில் சிரிப்பு எழும். பாத்திரத்தின் அடியில் வாழை இலையின் நடு நரம்புகளை நறுக்கி அடுக்கி, அவை மூழ்குமளவு தண்ணீர் விடவேண்டும். மேலே எண்டகல (வாழை இலைகள், க மெல்லோசை) விரித்து, சீவிய காய்களைப் பொதிந்து, மேலும் இலை போட்டு மூடி வேகவைக்கவேண்டும். வெள்ளையாக இருந்தது மஞ்சளானால் வெந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் பொதியை அவிழ்க்காமலே, இலையின் மேலாகக் கையால் அழுத்திப் பிசையவேண்டும். இது ஒகுஞிக (க மெல்லோசை). ஆறிய பிறகு அழுத்தினால் கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. பிறகு மெல்லிய தணலில் மறுபடி ஒரு மணி நேரமாவது வைப்பார்கள். இலையின் மணம் இந்த இரண்டாவது வேக்காட்டில்தான் இறங்குகிறது. அடியில் தண்ணீர் வற்றினால் நரம்பு கருகி எல்லாமே புகை நாற்றம் அடிக்கும், ஆகவே இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழைக்கு நம்மைப் போலவே அவர்களுக்கும் வகைவகையாகப் பெயர். சிறிய இனிப்புப் பழம் எண்டீஃஜி, பெரிய பழம் ப்பொகொய (கொ மெல்லோசை), சுட்டுத் தின்னும் நேந்திரன் இனம் கொஞ்ஜ (முதல் எழுத்து மெல்லோசை).

மற்றவை: தண்ணீர் அமஃஜ்ஜி, உப்பு ஒமுன்ஞொ, பால் அமட, நெருப்பு ஒமுலிரொ, விறகு எங்கு, கரி அமண்ட, கரி அடுப்பு ஸிகிரி (கி மெல்லோசை), கத்தி அகம்பெ. மீனுக்கு எகியெஞ்ஞஞ்ஜ. எஞ்ஞஞ்ஜ என்றால் ஏரி. ‘ஏரியினுடையது’ எதுவோ அது மீன். கடல் இல்லாத, விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் மக்களின் சொல் வேறெப்படி இருக்கும்? கொஞ்சமாகத் தண்ணீர் வேண்டுமென்றால் அமஃஜ்ஜி என்பதன் முன்னொட்டைக் கழற்றி ஒடு- போடுங்கள்: ஒடுஃஜ்ஜி, ஒரு மடக்குத் தண்ணீர்.

உறவுமுறைச் சொற்கள் தமிழைப் போலவே இருக்கும் என்று கேள்விப்பட்டேன். — வாசகர், காரைக்குடி

சொற்கள் வேறு, அமைப்பு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. அப்பாவின் தம்பிக்குக் கிடங்கெ ஒமுடொ, அதாவது ‘என் சின்ன அப்பா’ (ங்கெ மெல்லோசை). அம்மாவின் தங்கை மாம ஒமுடொ, ‘சின்னம்மா’. அத்தைக்குத் தனிச் சொல் ஸ்ஸெங்க, தாய்மாமனுக்குத் தனிச் சொல் கொஜ்ஜ. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கிஃஜிப்வெ. சித்தப்பா, சின்னம்மா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள்தான். தாத்தா பாட்டி இருவருக்கும் ஜ்ஜஜ்ஜ. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ‘அங்கிள்’, ‘கஸின்’ என்று கரைத்துவிடுவதை நினைத்தால், தமிழர் இந்தச் சொற்களை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

மாறும் இடங்கள் இரண்டு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று நாம் வயதைப் பார்க்கிறோம். அவர்கள் பார்ப்பது பேசுபவரும் உடன்பிறந்தவரும் ஒரே பாலா என்பதை. ஆணுக்கு அவன் சகோதரனும், பெண்ணுக்கு அவள் சகோதரியும் முகண்ட வங்கெ (க மெல்லோசை). ஆண் தன் சகோதரியையும் பெண் தன் சகோதரனையும் சொல்வது ம்வஞ்ஞிநஃஜெ. ஒரு பெண் தன் அண்ணனை ‘முகண்ட வங்கெ’ என்று சொன்னால் கேட்பவர் குழம்புவார்.

இரண்டாவது, கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டிய இடம். அத்தை மகன், மாமன் மகள் திருமணம் அங்கே கிடையாது, கேட்டாலே அதிர்ச்சி அடைவார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட குலங்கள் (எபிக) உண்டு, ஒரே குலத்துக்குள்ளும் மணமுடிப்பதில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலச்சின்னம் உண்டு, அதை அந்தக் குலத்தார் தின்னமாட்டார்கள். ம்மம்ப குலத்தவருக்கு நுரையீரல்மீன் ஆகாது. வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் ‘எது ஆகாது’ என்று முன்கூட்டிக் கேட்பது நல்லது, சந்தோஷமாகச் சொல்வார்கள். அத்தையை அங்கே சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மணப்பெண்ணுக்கு இல்லற வாழ்வின் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஸ்ஸெங்கவுடையது.

லுகாண்டா அகராதி வாங்கினேன். கேட்ட சொல் எதுவும் அதில் கிடைக்கவில்லை. — வாசகர், சென்னை

கிடைக்கும், தோலை உரித்துத் தேடவேண்டும். முதலில் எ, ஒ, அ என்ற தொடக்க உயிரை நீக்குங்கள். அது வாக்கியத்தில் உதிர்வதும் உண்டு. வலிவொ அமஃஜ்ஜி? (தண்ணீர் இருக்கிறதா?) என்று கேட்டால் இல்லையென்பதற்கு டெவலி மஃஜ்ஜி என்று பதில் வரும், ‘அ’ போய்விட்டது. அடுத்து முன்னொட்டு. மி- என்று தொடங்கினால் மு- என்ற இடத்தில் பாருங்கள், பி- என்றால் கி-, ப- என்றால் மு-. வினைச்சொல்லுக்கு ஒகு- என்பதை எடுத்துவிட்டு அடியைத் தேடுங்கள்.

அதன் பிறகும் அகப்படாவிட்டால் ‘நான்’ என்பதைக் குறிக்கும் மூக்கொலி முன்னொட்டு வேலை காட்டியிருக்கும். அது பின்னால் வரும் மெய்யை மாற்றும். லப (பார்) ண்டப ஆகிறது, வுலிர (கேள்) ம்புலிர ஆகிறது, லிம (பயிர் செய்) ன்னிம ஆகிறது. ‘கொடு’ என்ற வினை வ, ‘எனக்குக் கொடு’ என்பது ம்ப. அகராதியில் ம்ப இருக்காது.

வினையின் வால் மாறியிருந்தால் அது முடிந்த செயல். ஸுல ஸுஃஜெ ஆனதைக் காலை வணக்கத்தில் பார்த்தோம். கொல (செய்) கொஃஜெ ஆகும், லப லப்யெ ஆகும். ஒரு நெடில் தவறினால் காலமே புரண்டுவிடும்: ன்னகொல என்றால் முன்பே செய்தேன், ன்னாகொல என்றால் இனிமேல், இன்றைக்குள் செய்வேன். வேலை முடிந்ததா என்று கேட்கிறவரிடம் இதைத் தவறாகச் சொன்னால் சண்டையே வரும். நாளை மறுநாளோ அடுத்த ஆண்டோ என்றால் அதற்கு வேறு காலம், ண்டிகொல.

தமிழுக்கும் பாண்டு மொழிகளுக்கும் உறவு உண்டா? — வாசகர், சேலம்

குடும்ப உறவு இல்லை. லுகாண்டா நைஜர்-காங்கோ குடும்பத்தின் பாண்டு கிளை, தமிழ் திராவிடம். ஒட்டு ஒட்டிச் சொல் கட்டும் முறை இரண்டிலும் இருப்பதால் ஒற்றுமை தெரிகிறது. துருக்கியிலும் ஜப்பானியத்திலும்கூட அந்த முறை இருக்கிறது. முறைச்சொற்களின் ஒற்றுமையும் சமூக அமைப்பால் வந்தது.

இந்தியச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் வடக்கிலிருந்து, சுவாஹிலி வழியாக. கடைக்கு எட்டூக (லட்டு ட்ட), இந்தியின் ‘துகான்’. எக்காலி (க்க மெல்லோசை) என்பது ‘காடி’, இப்போது சைக்கிளைக் குறிக்கிறது. ரயிலுக்கு எக்காலி யொமுக்க, ஒமுக்க என்றால் புகை. புகைவண்டி! நாம் பார்த்துப் பெயர் வைத்ததையே அவர்களும் பார்த்து வைத்திருக்கிறார்கள். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையிலான தண்டவாளத்தை 1896 முதல் 1901 வரை போட்டார்கள். உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். கம்பாலாவுக்கு ரயில் வந்தது 1931-ல். எகிடபொ அரபியின் ‘கிதாப்’. அதன் ‘கி’யைத் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு பன்மைக்கு எபிடபொ என்கிறார்கள். சப்பாத்தியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. முட்டையோடு சுருட்டி ‘ரோலெக்ஸ்’ என்ற பெயரில் தெருவெல்லாம் விற்கிறார்கள்.

டாக்ஸியில் இறங்குவதற்கு என்ன சொல்லவேண்டும்? — வாசகர், நாகர்கோவில்

டகிஸி என்பது அங்கே பதினான்கு பேர் ஏறும் வேன், வெள்ளை வண்டியில் நீலக் கட்டங்கள். பணம் வாங்குபவர் கொண்ட, நம் கண்டக்டர்தான். ஏறும்போதே போகும் இடத்தின் பெயரைச் சொல்லி ஸ்ஸெண்டெ ம்மெக? என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தாலும் மாலை நெரிசலிலும் கட்டணம் ஏறும்.

இறங்கும் இடத்துக்கு ஒரு நூறு அடி முன்னாலேயே மாஸொ அவொ (அதோ முன்னால்), ஸ்ஸெபொ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். நேர் எதிரே வந்த பிறகு சொன்னால் வண்டி நிற்க அடுத்த ஸிடேகி (கி மெல்லோசை, நிறுத்தம்) ஆகிவிடும். இடப்பக்கம் கு க்கொனொ, வலப்பக்கம் கு ட்ட்யொ (லட்டு ட்ட). வலது என்ற இந்தச் சொல் ‘ல்ய’ (சாப்பிடு) என்ற வினையிலிருந்து வந்தது, சோற்றுக்கை. இறங்கும்போது பணத்தையும் அந்தக் கையாலேயே கொடுங்கள்.